பாதி பாதியாக நெருங்குதல்: ஒப்பந்தத்துக்குள் இருக்கும் உண்மை வட்டி

கிள்ளானில் கொமுட்டர் ஏறி என் அக்கா மகன் வருகிறான். அவனை அழைத்துவர நான் கேஎல் சென்ட்ரலுக்குப் போக வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடை தூரம்தான், ஆனாலும் சீக்கிரம் போய்விட்டால் சும்மா நிற்க வேண்டும். இப்போது எந்த ஸ்டேஷன் என்று போனில் கேட்டால் அவனுக்குத் தெரியாது; கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டு வருகிறான். ஒரு பெயரைச் சொல்லி, அது போய்விட்டதா என்று கேட்டால் மட்டும் சரியாகச் சொல்வான்.

“சுபாங் ஜெயா தாண்டியாச்சா?”

“தாண்டியாச்சு மாமா.”

“பெட்டாலிங்?”

“இன்னும் வரல.”

“செரி செத்தியா?”

“அது இப்பதான் போச்சு.”

போதும், நான் செருப்பை மாட்டிக்கொள்ளலாம். ரயில் செரி செத்தியாவுக்கும் பெட்டாலிங்குக்கும் நடுவில் எங்கோ வந்துகொண்டிருக்கிறது. மூன்று கேள்வியில் முழுப் பாதையும் இரண்டு மூன்று ஸ்டேஷன் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருந்த பாதையை ஏறக்குறைய பாதியாக வெட்டியதுதான் காரணம். “கிள்ளான் தாண்டியாச்சா, புக்கிட் பாடாக் தாண்டியாச்சா” என்று வரிசையாகக் கேட்டிருந்தால் அவன் போனை வைத்திருப்பான்.

சமன்பாட்டின் மூலத்தையும் இப்படியே தேடலாம். விடை எது என்று நமக்குத் தெரியாது. ஆனால் ஓர் எண்ணைக் கையில் கொடுத்தால், அது விடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல முடிகிறது. அந்த அளவு தெரிந்தாலே விடையை வேண்டிய நெருக்கத்துக்குப் பிடித்துவிடலாம். பாடநூல்களில் இதற்கு இருசமக்கூறிடல் முறை என்று பெயர். வீட்டில் பாதி பாதியாக வெட்டுவது என்றால் போதும்.

செய்முறை இதுதான். சமன்பாட்டில் உள்ள அனைத்தையும் ஒரு பக்கம் கொண்டுவந்து மறுபக்கத்தைப் பூச்சியமாக்குங்கள். இடப்பக்கம் மிகையாக வரும் ஓர் எண்ணையும் குறையாக வரும் ஓர் எண்ணையும் கண்டுபிடியுங்கள். விடை இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நடுப்புள்ளியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். மிகை வந்தால் மிகை இருந்த முனையை அங்கே நகர்த்துங்கள், குறை வந்தால் குறை இருந்த முனையை. மறுபடியும் நடுப்புள்ளி. போதுமான நெருக்கம் வந்ததும் நிறுத்திவிடலாம்.

சின்னக் கணக்கு ஒன்றில் கையைப் பழக்குவோம். தண்ணீர்த் தடை அறிவிப்பு வரும் நாளுக்காக, 2,000 லிட்டர் பிடிக்கும் சதுரமான தொட்டி ஒன்றை வீட்டுப் பின்புறம் கட்டுகிறீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம். 2,000 லிட்டர் என்பது 2 கனமீட்டர். பக்க அளவை ப என்று வைத்தால் ப³ − 2 = 0. ஒரு மீட்டர் என்றால் 1, குறைவு. இரண்டு மீட்டர் என்றால் 8, அதிகம். நடு 1.5, கனம் 3.375, அதிகம். அடுத்த நடு 1.25, கனம் 1.953, குறைவு. அடுத்தது 1.375, கனம் 2.6, அதிகம். 1.3125 போட்டால் 2.26, அதிகம். 1.28125 போட்டால் 2.10, அதுவும் அதிகம். 1.265625 போட்டால் 2.03, இன்னும் கொஞ்சம் அதிகம். விடை 1.25க்கும் 1.266க்கும் நடுவில் வந்துவிட்டது. இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டர். கொத்தனாரின் கரண்டிக்கு இதைவிட நுணுக்கம் தேவையில்லை, 1.26 என்று சொல்லி அனுப்பலாம்.

இந்த முறை தவறாமல் வேலை செய்வதன் காரணத்தை அந்த ரயிலே சொல்கிறது. கிள்ளானில் புறப்பட்டு சென்ட்ரல் வந்து சேரும் ரயில் நடுவில் இருக்கும் ஒவ்வோர் இடத்தையும் கடந்துதான் ஆக வேண்டும், தாவ முடியாது. மதிப்பு தொடர்ச்சியாக மாறும் சார்பும் அப்படித்தான்: ஒரு முனையில் குறை, மறுமுனையில் மிகை என்றால் நடுவில் எங்கோ பூச்சியத்தைத் தொட்டே தீரும். கண்ணுக்குத் தெரியும் உண்மை என்று எல்லாரும் விட்டுவைத்திருந்த இதற்கு, பிராக் நகரத்துப் பாதிரியாரும் கணித அறிஞருமான பெர்னார்ட் போல்சானோ 1817இல் முறையான நிறுவல் எழுதினார். இடைநிலை மதிப்புத் தேற்றம் என்று படித்திருப்பீர்கள்.

தாவும் ரயிலும் கணிதத்தில் உண்டு. 1 ÷ (ப − 3) என்ற சார்பு, ப 2 ஆகும்போது −1, 5 ஆகும்போது +0.5. குறி மாறியிருக்கிறது, ஆனால் மூலம் கிடையாது. 3இல் அது உடைந்து தாவுகிறது. வெட்டிக்கொண்டே போனால் கால்குலேட்டர் உங்களை 3இன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே மதிப்பு பூச்சியத்தை நோக்கிச் சுருங்காமல் மலைபோல் வளர்வதைப் பார்த்தால் ஏதோ தவறு என்று தெரிந்துவிடும். ஆகவே இடைவெளி சுருங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், மதிப்பும் சுருங்குகிறதா என்று பாருங்கள்.

இனி இந்த அத்தியாயம் எதற்காக எழுதப்பட்டதோ அந்தக் கணக்கு.

என் மாலை வகுப்புக்கு, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா ஒப்பந்தத் தாளோடு வந்தார். பூ ஏற்றி இறக்கக் கார் எடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பா வீட்டை விற்றதில் அவர் பங்காக 40,000 வெள்ளி கைக்கு வந்திருந்தது.

“தம்பி, வீட்டுக் கடன் நாலரை பெர்சென்ட். காருக்கு மூணுதான். அப்ப இந்தக் காசை வீட்டுக்குத்தானே மொதல்ல கட்டணும்?”

நாலரை மூன்றைவிடப் பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நாலரையும் இந்த மூன்றும் ஒரே சாதி எண்கள் அல்ல. வீட்டுக் கடனில், மாதாமாதம் குறைந்துவரும் பாக்கி மேல்தான் வட்டி. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் பல்லாண்டுகளாக எழுதப்பட்டுவந்த கார் ஒப்பந்தங்களில், நிலையான விழுக்காடு என்றால் முதல் நாள் அசல் மேல் கடைசி மாதம் வரைக்கும் வட்டி. பாதி அசலைத் திருப்பிக் கட்டிய பிறகும் முழு அசலுக்கே வட்டி போட்டிருக்கும்.

அக்காவின் தாளில் இருந்த எண்கள்: கடன் 54,000 வெள்ளி, 9 வருடம், ஆண்டுக்கு 3 விழுக்காடு. வட்டி 54,000 × 3% × 9 = 14,580. மொத்தம் 68,580. அதை 108 மாதத்தால் வகுத்தால் மாதம் 635. இந்தக் கடனைக் குறைந்துவரும் பாக்கியின் மேல் கணக்கிட்டால் என்ன வட்டி? அதுதான் நாம் தேடும் மூலம்.

மாத வட்டி வீதத்தை வ என்று வைப்போம். அடுத்த மாதம் கட்டும் 635இன் இன்றைய மதிப்பு 635 ÷ (1 + வ). அதற்கடுத்த மாதத்து 635ஐ இருமுறை வகுக்க வேண்டும். இப்படி 108 தவணையின் இன்றைய மதிப்பையும் கூட்டினால், வாங்கிய கடனுக்குச் சமமாக வர வேண்டும். கூட்டிச் சுருக்கினால்:

635 × [1 − (1 + வ)⁻¹⁰⁸] ÷ வ − 54,000 = 0

இதை விரித்து எழுதினால் 108ஆம் படிச் சமன்பாடு. இருபடிச் சமன்பாட்டுக்குப் பள்ளியில் சூத்திரம் படித்தோம். மூன்றுக்கும் நான்குக்கும்கூட உண்டு. ஐந்தாம் படி முதல் அப்படி ஒரு பொதுச் சூத்திரமே இருக்க முடியாது என்று நார்வே நாட்டு இளைஞர் நீல்ஸ் ஹென்ரிக் ஆபெல் 1824இல் நிறுவிவிட்டார். எக்செல்லில் ரேட் என்ற சார்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அதுவும் ஓர் எண்ணை ஊகித்துத் திருத்தித் திருத்தித்தான் நெருங்குகிறது. 20 சுற்றுக்குள் நெருங்க முடியாவிட்டால் பிழை என்று காட்டிவிட்டு நின்றுவிடும். ஊகித்துத் திருத்துவதை நாமே செய்யலாம்.

முதலில் இரண்டு முனைகள் வேண்டும். தாளில் போட்ட 3 விழுக்காடு கீழ்முனை: பாக்கி ஒருபோதும் 54,000ஐத் தாண்டாது, குறையத்தான் செய்யும், ஆகவே உண்மை வீதம் 3ஐவிடக் குறைவாக இருக்க முடியாது. மேல்முனைக்கு அதை இரட்டிப்பாக்கி 6 என்று வையுங்கள். பாக்கி நேர்கோடாகக் குறைந்தால் சராசரிப் பாக்கி அசலில் பாதிக்குச் சற்று மேல் இருக்கும், வீதம் இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவாக வரும். நிஜத்தில் தொடக்க வருடங்களில் பாக்கி இன்னும் மெதுவாகக் குறைவதால் வீதம் மேலும் இறங்கும். சமத் தவணைக் கடன் எதற்கும் இந்த இரண்டு முனைகள் பொருந்தும்: தாளில் உள்ள எண், அதன் இரட்டிப்பு. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டாலே ஷோரூம் மேசையில் பாதிப் பயன் கிடைத்துவிடும்.

3 விழுக்காட்டில் இன்றைய மதிப்பு 60,036, அதாவது 6,036 மிகை. 6 விழுக்காட்டில் 52,891, அதாவது 1,109 குறை. குறி மாறியிருக்கிறது. வீதம் ஏற ஏற இன்றைய மதிப்பு இறங்கிக்கொண்டே போகும் என்பதால் நடுவில் ஒரே ஒரு மூலம்தான். மிகை வந்தால் ஊகித்த வீதம் போதவில்லை, ஏற்ற வேண்டும். குறை வந்தால் இறக்க வேண்டும்.

சுற்று 1: நடு 4.5. மதிப்பு 56,306. மிகை 2,306. ஏற்று.
சுற்று 2: நடு 5.25. மதிப்பு 54,561. மிகை 561. ஏற்று.
சுற்று 3: நடு 5.625. மதிப்பு 53,717. குறை 283. இறக்கு.
சுற்று 4: நடு 5.4375. மதிப்பு 54,137. மிகை 137. ஏற்று.
சுற்று 5: நடு 5.53125. மதிப்பு 53,927. குறை 73. இறக்கு.
சுற்று 6: நடு 5.484375. மதிப்பு 54,032. மிகை 32. ஏற்று.
சுற்று 7: நடு 5.5078125. மதிப்பு 53,979. குறை 21. இறக்கு.

விடை 5.484க்கும் 5.508க்கும் நடுவில். ஐந்தரை விழுக்காடு என்று எழுதிக்கொள்ளலாம். தாளில் மூன்று, உள்ளே ஐந்தரை. சொன்ன தவணையில் ஒரு காசுகூட ஏமாற்றில்லை. ஆனாலும் மற்றக் கடனோடு ஒப்பிட அந்த மூன்று உதவாது என்பதை யாரும் அந்த அக்காவிடம் சொல்லவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

ஏழு சுற்றில் இடைவெளி எவ்வளவு சுருங்கியது என்று சொல்லத் தமிழில் ஏற்கெனவே சொற்கள் இருக்கின்றன. முதல் இடைவெளியை ஒன்று என்று வைத்தால், சுற்றுக்குச் சுற்று அரை, கால், அரைக்கால், வீசம், அரை வீசம், கால் வீசம், அரைக்கால் வீசம். 128இல் ஒரு பங்கு வரைக்கும் பாதி பாதியாகவே பெயர் வைத்த மொழி இது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்த பிள்ளைகள் இவற்றைப் பெருக்கல் வாய்ப்பாடாகவே மனப்பாடம் செய்தார்கள். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்த நகரத்தார்களின் கணக்கும் இந்தப் பின்னங்களில்தான் வளர்ந்தது. பத்துச் சுற்று போனால் இடைவெளி 1,024இல் ஒரு பங்காகிவிடும். நியூட்டன்–ராப்சன் முறை இதைவிட வேகமாகப் போகும், ஆனால் தொடக்க எண்ணைத் தவறாக எடுத்தால் எங்கோ ஓடிவிடும். கையால் செய்பவருக்கு நான் எப்போதும் பாதி வெட்டுவதையே சொல்வேன். தவறான பக்கம் திரும்பினால் அடுத்த வரியிலேயே தெரிந்துவிடும்.

கைப்பேசி கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலானவற்றில் அடுக்குப் பொத்தான் வந்துவிடும். 5.25ஐச் சோதிக்க: 5.25ஐ 1,200ஆல் வகுத்தால் 0.004375. ஒன்றைக் கூட்டி, அடுக்கு −108 போட்டால் 0.62408. ஒன்றிலிருந்து கழித்தால் 0.37592. 0.004375ஆல் வகுத்து 635ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 54,561. நடுவில் எண்ணைக் குறுக்காதீர்கள், குறிப்பாக அந்த மாத வீதத்தை. 0.0045 என்று குறுக்கினால் விடை 221 மிகை காட்டும், 0.0046 என்றால் 48 குறை காட்டும். நாம் தேடும் எண் அவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தாளில் எழுதி மறுபடி தட்டுவதைவிட கால்குலேட்டரின் நினைவுப் பொத்தானைப் பயன்படுத்துவது நல்லது. இன்னொன்று: நமக்குக் கிடைத்த 5.5 என்பது மாத வீதத்தின் 12 மடங்கு. வட்டிக்கு வட்டி சேர்த்து ஆண்டுக் கணக்கில் சொன்னால் அதே கடன் 5.64 ஆகும். இரண்டு கடனை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே வகையில் எழுதுங்கள்.

நீங்களே செய்துபார்க்க ஒன்று. ஒருவர் 5,000 வெள்ளி கொடுத்து, மாதம் 500 வீதம் 12 மாதம் கட்டச் சொல்கிறார். “இருபது பெர்சென்ட்தான்” என்கிறார். முனைகள் 20, 40. நடு 30இல் மதிப்பு 5,129, மிகை. அடுத்த நடு 35இல் 5,002, இன்னும் நூலிழை மிகை. இரண்டே சுற்றில் 35க்குச் சற்று மேல் என்று தெரிந்துவிட்டது. 1951ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டம் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அடமானக் கடனுக்கு 12 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட கடனில் மாட்டிக்கொண்டவர், பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே நிறுவனத்தின் இலவச ஆலோசனையைக் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடனில் பணம் ஒரு முறை உள்ளே வருகிறது, பிறகு வெளியே மட்டும் போகிறது. அதனால்தான் ஒரே மூலம். நம் வட்டாரத்தில் ‘கூட்டு’ என்று பேசப்படும் சீட்டு அப்படியல்ல. அதை நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. கணக்கை மட்டும் பார்ப்போம். பத்துப் பேர், மாதம் 500, ஐந்தாம் மாதம் உங்கள் முறை. நான்கு மாதம் பணம் போகிறது, ஐந்தாவதில் வருகிறது, பிறகு ஐந்து மாதம் மறுபடி போகிறது. இதன் வீதத்தைக் கேட்டால் சமன்பாடு இரண்டு விடை தருகிறது: 0 விழுக்காடு, மாதம் 13 விழுக்காடு. இரண்டுக்கும் வெளியே எந்த முனையை எடுத்தாலும் குறையாகவே வரும், குறி மாறாது. முதல் சோதனையிலேயே இரு முனையும் ஒரே குறி காட்டினால் வெட்டத் தொடங்காதீர்கள். அங்கே மூலமே இல்லாமல் இருக்கலாம், இரண்டு இருக்கலாம், (ப − 2)² போல பூச்சியத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

அக்காவின் கேள்விக்கு வருவோம். ஐந்தரை நாலரையைவிடப் பெரியது, ஆகவே கார்க் கடனை அடைத்துவிடுங்கள் என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. ஒப்பந்தத்தை முன்கூட்டி முடித்தால் வட்டித் தள்ளுபடி 78 விதிப்படிதான் கிடைக்கும். ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் 78. ஓராண்டுக் கடனுக்கு வந்த பெயர் அது. அந்த விதி முதல் மாதங்களில் அதிக வட்டியைக் கழித்துக்கொள்கிறது. 108 மாதத்துக்கு ஒன்று முதல் 108 வரை கூட்டினால் 5,886. அக்காவுக்கு மிச்சம் 72 தவணை. ஒன்று முதல் 72 வரை கூட்டினால் 2,628. தள்ளுபடி 14,580 × 2,628 ÷ 5,886 = 6,510. மிச்சத் தவணை 72 × 635 = 45,720. அதில் தள்ளுபடியைக் கழித்தால் இன்று கட்ட வேண்டியது 39,210. ஐந்தரை விழுக்காட்டில் நேர்மையாக ஓடிய பாக்கி 38,868தான் இருக்கும். 342 வெள்ளி வித்தியாசம், முன்கூட்டி முடிப்பதற்கான விலை.

ஆகவே அவர் முன்னால் இருக்கும் சமன்பாடு வேறு: இன்று 39,210 கட்டி, வரப்போகும் 72 தவணையை மிச்சப்படுத்தினால் என்ன வீதம்? முழுவதும் வெட்டிப் பார்த்தால் 5.19 வரும். ஆனால் அவருக்கு அந்த எண் தேவையே இல்லை. வீட்டுக் கடனோடு ஒப்பிட ஒரே ஒரு கேள்விதான்: நாலரை தாண்டியாச்சா? 4.5ஐ 1,200ஆல் வகுத்து, அடுக்கு −72 போட்டு, 635ஆல் பெருக்கும் வரை நான் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்ல, அக்காவே தட்டினார். 40,002 வந்தது. 39,210ஐவிட அதிகம். மிகை, ஏற்ற வேண்டும். மூலம் நாலரைக்கு மேலே.

வீட்டுக் கடன் வட்டி இனி ஏறவும் இறங்கவும் கூடும் என்பதையும், கையிருப்பில் மிஞ்சுவது 790 வெள்ளிதான் என்பதையும் சொன்னேன். அவர் இரண்டையும் ஒப்பந்தத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, அடியில் 40,002 என்று ஒரு வட்டம் போட்டுவிட்டு, கடைக்குப் போக நேரமாகிவிட்டது என்று கிள்ளான் ரயிலுக்குக் கிளம்பினார்.